செவலைக்குக் காய்ச்சல்

ஏப்ரல் 9

அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. புரை. ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்றார் டாக்டர். முதலாவதைக் கேட்டதும் மற்ற இரண்டும் அவர் காதில் ஏறவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்து, செத்த வீட்டுக்காரர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார்.

எல்லாம் செவலையால்தான். செவலை என்றால் மாடு இல்லை, கார். சிவப்பு நிறத்தில் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார். என்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இளவயதில் சோழவரத்தில் ரேஸ் ஓட்டிய மனுஷன், ஆறு வருஷத்துக்கு முன்னால் மும்பையில் யாரிடமோ வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் மே மாதம் எங்கள் பழைய கார் சங்கம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மலையேறும். வருஷா வருஷம் செவலை குஞ்சப்பனையைத் தாண்டியதும் காய்ச்சல் வந்த மாதிரி கொதித்து நின்றுவிடும். பக்கத்து சீட்டில் நான், காலுக்கடியில் இரண்டு தண்ணீர் கேன். அதை ஊற்றியும் தீராமல் லாரியில் ஏறித் திரும்புவோம். மற்ற கார்க்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவார்கள்.

"இந்த வருசம் வேண்டாஞ் சாந்தா. மருதாசலத்துக்குச் சொல்லிரலாம்" என்றார் சாயங்காலம்.

மருதாசலம் அவருடைய சினேகிதர். ஆனைகட்டிப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கிறார். வாசல் புல்வெளியில் காட்சிக்கு வைக்கச் செவலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

எனக்கு அந்தக் காரின் மேல் ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. வாங்கிய அன்று "உனக்கும் இத ஓட்டக் கத்துத் தர்றேன்" என்றார், அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 12

மருதாசலம் வந்தார். டேப் வைத்து அளந்தார். சிமென்ட் மேடை கட்டி, நான்கு சக்கரத்தையும் கழற்றி, மேலே உட்கார வைத்துவிடுவாராம்.

"என்ஜினைத் தூக்கிட்டு அந்தக் குழியில மண்ணப் போட்டு பூச்செடி வெச்சுட்டோம்னா, பாக்கற சனம் எல்லாம் போட்டோ எடுக்குமுங்கொ" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது. காபி டம்ளரை மருதாசலத்தின் கையில் கொடுக்காமல் டீப்பாயில் டொக்கென்று வைத்தேன்.

"மே பதினொண்ணு வரைக்கும் பொறுங்க. மலையேறலீன்னா எடுத்துட்டுப் போங்க. பூச்செடிய நானே வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"சரி, ஏறுனா இங்க இருக்கட்டும். ஏறலீன்னா உன்ற புல்வெளிக்கு" என்றார் சினேகிதரிடம். பிறகு என்னிடம் திரும்பி, "யாரு ஓட்டறது?" என்றார்.

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 13

உக்கடத்திலிருந்து ஜப்பார் பாய் வந்தார். செவலை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்தான் மெக்கானிக். நல்ல கை. அவர் சொன்னபடி ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தண்ணீர் விட்டோம். கொஞ்சம் துரு வந்தது, ஒரு செத்த தும்பி வந்தது, வேறு ஒன்றும் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. குழாய்களில் ஒழுகல் இல்லை. முன்பக்கத்தைத் தூக்கி வைத்துக் காற்றையும் வெளியேற்றினார்.

ஷெட்டிலேயே என்ஜினை ஓடவிட்டோம். முள் மெதுவாக ஏறிச் சிவப்பில் போய் உட்கார்ந்தது.

"எல்லாஞ் சரியாத்தான் இருக்குதுங்க்கா. ஆனா சூடாவுது" என்றார் பாய். ஆறு வருஷமாக இதையேதான் சொல்கிறார்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, பாயசம். அவருக்கு இனிப்பு அளவோடுதான். வந்தவர்கள் எல்லோரும் கண்ணைப் பற்றி விசாரித்தார்கள், நான் தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பாயசத்துக்கு ஏலக்காய் போட மறந்துபோயிற்று.

ஏப்ரல் 17

எங்கள் தொழில் பம்பு. கணபதியில் சின்ன ஃபேக்டரி. செய்வது அவர் பொறுப்பு, டெஸ்ட் செய்வது என் பொறுப்பு. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு மோனோபிளாக் பம்பு கூட வெளியே போகாது. அதனாலேயே எங்கள் இருவருக்கும் ஒரு வியாதி உண்டு. தலைவலி என்று யாராவது வந்தால்கூட முதலில் பம்பைக் கழற்றிப் பார்க்கலாமா என்றுதான் தோன்றும்.

"வாட்டர் பம்பு தள்றது பத்தல. இம்பெல்லர் சின்னது" என்றார் இன்றைக்கு. குரலில் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது. நானும் தலையாட்டினேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் அந்தச் சக்கரத்தை இத்தாலிக்காரன் செய்ததைவிடப் பெரிதாக, இதழ்களை அகலமாக வைத்து, பித்தளையில் நாமே வார்ப்பது என்று முடிவாயிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அளவு சொன்னார், நான் வரைந்தேன். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து எத்தனையோ நாளாயிற்று. நன்றாக இருந்தது.

ஏப்ரல் 19

இம்பெல்லர் வந்தது. தங்கம் மாதிரி மின்னியது. ஃபேக்டரி ஆட்கள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். பாய் அதைப் பம்பில் மாட்டினார். அவர் தன் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துப் பாயிடம் கொடுத்தார். அந்தச் சாவி அவர் தூங்கும்போது மட்டும்தான் அந்தப் பையை விட்டு வெளியே வரும்.

முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது.

மூடி வழியாக நீராவி பீறிட்டதில் பாயின் சட்டை நனைந்தது. கூட்டம் மெதுவாகக் கலைந்து போயிற்று. பம்பு மாற்றியும் தீராத நோய் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதை எங்களால் நம்பவே முடியவில்லை.

ஏப்ரல் 22

மருதாசலம் போன் செய்தார். சாமந்தியா, பெட்டூனியாவா என்று கேட்கிறார். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 25

நடைக்கு வசதியாக இருக்கட்டும் என்று மெல்லிய அடி வைத்த கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினேன். கிளட்சுக்கும் அது வசதி என்று கடைக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

மத்தியானம் ஃபேக்டரி ஷெட்டில் செவலையை மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தோம். மறுபடியும் பழையபடி எல்லோரும் பின்னால் ஓடி மூடியைத் திறந்து, துணி போட்டு, தண்ணீர் ஊற்றி ஒரே அமளி. எனக்கு அலுத்துவிட்டது. பசி வேறு. முன்பக்க டிக்கியில் என் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தேன். ரேடியேட்டருக்கு அடுத்த தடுப்பில்தான் அந்த டிக்கி. தயிர் சாதம் இந்நேரம் வெந்து புளித்திருக்கும் என்று திட்டிக்கொண்டே திறந்தேன்.

தூக்கு ஜில்லென்று இருந்தது.

வாயில் வைத்துப் பார்த்தேன். வீட்டில் கட்டியபோது இருந்த மாதிரியே இருந்தது. சாதத்தை அப்படியே வைத்துவிட்டு, மண்டியிட்டு ரேடியேட்டரின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பு கூட இல்லை. பின்னால் என்ஜின் பொங்கிக்கொண்டிருக்கிறது, முன்னால் ரேடியேட்டர் பச்சைத் தண்ணீராக இருக்கிறது! ஆறு வருஷமாகக் கொதித்த போதெல்லாம் நாங்கள் பின்னால் ஓடினோமே தவிர, ஒருவராவது முன்னால் வந்து தொட்டுப் பார்க்கவில்லை.

சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து சேரவே இல்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முழுசாகத் தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 26

முன்னுக்கும் பின்னுக்கும் போகும் நீளக் குழாய்கள் இரண்டிலும் டெஸ்ட் பெஞ்சிலிருந்து தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சளசளவென்று வருகிறது. அடைப்பு இல்லை. வழி இருக்கிறது, பம்பும் தள்ளுகிறது. அப்புறம் தண்ணீர் எங்கேதான் போகிறது?

ஏப்ரல் 29

நந்தகோபாலை இன்றைக்குக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். டெஸ்டிங்கில் என்னிடம் நாலு வருஷமாக இருக்கிறான். ஒரு பம்புக்கு பிரஷரே ஏறவில்லை. போய்ப் பார்த்தால் ரிட்டர்ன் வால்வை மூட மறந்திருக்கிறான். பம்பு தள்ளிய தண்ணீர் மேலே போகாமல் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றித் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"இத்தன வருசமா இங்க இருக்கற, ரிட்டர்ன் திறந்திருந்தா தண்ணி கிட்ட இருக்கற வழியிலதான் போவும்னு தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டேன். வாய் திறந்தபடி நின்றிருப்பேன் போலிருக்கிறது. அவன் பயந்து, "அக்கா, உக்காருங்க" என்று ஸ்டூல் கொண்டுவந்து போட்டான்.

நேரே ஷெட்டுக்குப் போனேன். செவலையின் என்ஜினில் பம்புக்குப் பக்கத்திலேயே கட்டையாக ஒரு குழாய் இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் சுடுதண்ணீர் அதன் வழியாக மறுபடியும் பம்புக்கே போகலாம். எங்கள் பெஞ்சில் உள்ள ரிட்டர்ன் மாதிரியேதான். அது எப்போதும் திறந்தே கிடந்தால், எந்தத் தண்ணீர் கோத்தகிரி தூரம் போல முன்னால் போய்த் திரும்பும்? நாங்கள் பம்பைப் பெரிதாக்கியது அந்தக் குறுக்குவழிக்குத்தான் உதவியிருக்கிறது.

ஆனால் இத்தாலிக்காரன் முட்டாள் இல்லை. சூடேறினதும் இதை மூட ஏதாவது வைத்திருப்பான். பாய்க்குப் போன் போட்டேன்.

"அங்க ஒரு தெர்மோஸ்டாட் இருந்துச்சுங்க்கா. நடுவுல ஸ்பிரிங்கு, மேல கீழ ரெண்டு தட்டு. அது குளிர் தேசத்துக்குங்க. என்ஜின் சீக்கிரம் சூடாவறதுக்கு வெக்கறது. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குன்னு வண்டி வந்த அன்னிக்கே அண்ணன் கழட்டச் சொல்லிட்டாருங்க. நம்ம பக்கம் எல்லா வண்டியிலயும் கழட்டறதுதானுங்களே."

"கழட்டி எங்க போட்டீங்க?"

"எங்கயும் போடலீங்க்கா. அண்ணன் ஆபீஸ் மேசையில காயிதத்துக்கு வெயிட்டா வெச்சிருக்காருங்களே!"

நான் தினமும் கொண்டுபோய்க் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டின் மேல்தான் அது உட்கார்ந்திருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அதைத் தூக்கிக் காட்டி, "வெள்ளைக்காரன் வெச்சது, நம்மூருக்கு இது தேவையில்லீங்க" என்று சிரிப்பார். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

மே 1

ஃபேக்டரி லீவு. தெர்மோஸ்டாட்டை நேற்றே மேஜையிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய நட்டை வைத்தேன்.

அவர் மத்தியானத் தூக்கத்தில் இருக்கும்போது பால் காய்ச்சும் போசியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். ஃபேக்டரி தெர்மாமீட்டரையும் பக்கத்தில் விட்டேன். ஆறு வருஷம் காகிதத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த சாமான், உயிர் இருக்குமா என்று எனக்கே சந்தேகம். தண்ணீர் சுட்டது. முத்து முத்தாகக் குமிழ் வந்தது. ஒன்றும் அசையவில்லை. அடுப்புக்கு முன்னால் நின்று மருதமலை முருகனை இரண்டு தடவை கூப்பிட்டேன்.

எண்பதைத் தாண்டியதும் மேல் தட்டு மெதுவாகத் திறந்தது. அதே நேரத்தில் கீழ்த் தட்டு இறங்கியது. ஒன்று ரேடியேட்டருக்கு வழிவிடும், மற்றது அந்தக் குறுக்குவழியை அடைக்கும். சூடு ஏற ஏற இன்னும் திறந்தது. அடுப்பை அணைத்தேன், தானாக மூடிக்கொண்டது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி திறந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு தடவை பார்த்தேன். நாலாவது தடவை வேண்டியதே இல்லை.

"என்ன வெக்கற அடுப்புல? மணமே காணோம்" என்று ரூமிலிருந்து குரல் வந்தது.

"கசாயமுங்க. காய்ச்சலுக்கு" என்றேன்.

மே 3

பாய் பழைய இம்பெல்லரையே திரும்ப மாட்டினார். மூடியில் ஒழுகாமல் இருக்க, கார்க் ஷீட்டில் நானே கேஸ்கெட் வெட்டிக் கொடுத்தேன். தெர்மோஸ்டாட்டை அதன் வீட்டில் உட்கார வைத்து மூடினோம். பாய்க்கு முகம் வாடிவிட்டது.

"நாங்கூட யோசிக்கலியேங்க்கா" என்றார்.

"நாங்க பித்தளையில இம்பெல்லர் வார்த்தவங்க. நீங்க வருத்தப்படாதீங்க பாய்" என்றேன். சிரித்துவிட்டார்.

அவரிடம் போய்ச் சாவி கேட்டேன், டெஸ்டுக்கு என்று. பையைத் தொட்டுப் பார்த்து, யோசித்து, எடுத்துக் கொடுத்தார். "பாயை ஓட்டச் சொல்லு" என்றார். பாய்க்கு முழங்கால் வலி இருந்தது. இருந்ததா என்று நான் கேட்டேன், ஆமாம் என்றார். அதனால் வேறு வழியில்லாமல், ஃபேக்டரிக்கு எங்கள் சின்னக் காரை ஓட்டிப் பழகிய நானே ஓட்டினேன். சிறுவாணி ரோட்டில் பேரூர் தாண்டி வெகுதூரம் போய்த் திரும்பினோம். முள் நடுவில் நின்றது. நகரவே இல்லை. திரும்பியதும் முதல் வேலையாக ரேடியேட்டரைத் தொட்டேன். கை பொசுங்கியது. என் வாழ்க்கையில் கை சுட்டு இவ்வளவு மகிழ்ந்தது கிடையாது.

மே 6

தினமும் விடிகாலையில் "டெஸ்ட்" செய்கிறேன். மருதமலை அடிவாரம் வரைக்கும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது முதலில் கடமுடவென்றது, இப்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது. இதெல்லாம் காருக்காகத்தான்.

அவர் இன்றைக்கு ஆபீஸ் போய்விட்டு வந்து, "மேசையில இருந்த வெயிட்டு எங்க? நட்டு ஒண்ணு கெடக்குது, அது உருண்டுட்டே போவுது, காயிதமெல்லாம் பறக்குது" என்றார்.

"தேடிப் பாக்கறனுங்க" என்றேன்.

மே 9

டாக்டர் கண்ணைப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறது. ஆனால் மலைப்பாதையில் ஓட்ட இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்றார். இதை அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. டாக்டருக்கு ஒரு சீப்பு பூவன் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அது வழக்கமாகக் கொண்டுபோவதுதான்.

சங்கச் செயலாளர் ஜெயபாலன் போன் செய்தார். "வழக்கம்போல லாரி பின்னால வருமுங்க, நீங்க தைரியமாப் புறப்படுங்க" என்றார். சங்கத்துக்கு லாரி எடுப்பதே எங்களுக்காகத்தான் என்று பிறகு சேர்த்துக்கொண்டார்.

மே 11, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கே எல்லாக் கார்களும் வரிசையில் நின்றன. நான் வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. அவர் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக இடது பக்கம் ஏறினார். காலுக்கடியில் இரண்டு கேன். வழக்கத்தை விடவில்லை. அவருக்குக் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"ஆறு வருசம் நான் எப்படி உக்காந்தேன்னு இப்பத் தெரியுதுங்களா?" என்றேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

ஆற்றுப் பாலம் போயிற்று. ஏற்றம் தொடங்கியது. வளைவில் ஹாரன் அடி, இரண்டாவதுக்கு வா, கிளட்ச் விடு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதற்கு முன்னாலேயே நான் செய்துவிடுவதைப் பார்த்துக் கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொண்டார். ஆனால் முள்ளை விட்டுக் கண் எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு பார்த்தார்.

குஞ்சப்பனை வந்தது. பலாப்பழக் கடைக்காரர்கள் எங்களைத் தெரிந்தவர்கள். ஒருவர் கையைக் காட்டி, நிறுத்தத் தோதாக ஓரத்துக் கூடையை நகர்த்தி வைத்தார். நான் நிறுத்தவில்லை. முள் நடுவில் நின்றது. நாங்கள் வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. அதில் முள்ளும் அசையவில்லை, அவரும் அசையவில்லை, நானும் மூச்சு விடவில்லை. தாண்டிவிட்டோம்.

"ஏஞ் சாந்தா" என்றார். குரல் மாறியிருந்தது. "என்ன பண்ணுன இதுக்கு?"

"உங்க மேசையில காயிதம் பறக்குதுன்னீங்கல்ல. அதப் பண்ணுனனுங்க."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. பிறகு தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஆறு வருசம்! அதத் தூக்கித் தூக்கி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கறன் சாந்தா! பெருமையா!"

"நானும் கூடத்தான் சிரிச்சனுங்க."

அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் லாரியைக் காணோம். வண்டியை அகலமான இடத்தில் ஒதுக்கிக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். ஒரு பால் வேன் டிரைவர் இறங்கி வந்து, கீழே உங்கள் லாரி புகை விட்டுக்கொண்டு நிற்கிறது என்றார். எங்களைத் தூக்க வந்த லாரி, எங்கள் வளைவிலேயே, கொதித்து நிற்கிறது.

வண்டியைத் திருப்பி இறங்கிப் போனேன். லாரி டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டிலிருந்து அவர் இறங்கி, இரண்டு கேனையும் தூக்கிக் கொடுத்தார்.

"வெச்சுக்கங்க. எங்களுக்கு வேண்டியதில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆறு வருஷம் காத்திருந்த மாதிரி நிதானமாகச் சொன்னார்.

மறுபடியும் அந்த வளைவிலிருந்து அதே ஏற்றம். கோத்தகிரிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். அத்தனை பேரும் சாலையில் இறங்கி நின்று ஹாரன் அடித்தார்கள். ஜெயபாலன் ஓடிவந்து, "லாரி எங்கீங்க?" என்றார்.

"வந்துட்டிருக்குதுங்க. கொஞ்சம் சூடாயிருச்சு" என்றேன்.

அவர் காரை விட்டு இறங்கி அங்கேயே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி மருதாசலத்துக்குப் போன் போட்டார். "மருதாசலம், உன்ற மேடையில தொட்டி வெச்சு நேராவே பூச்செடி நட்டுக்க. செவலை வராது. ஆமா, ஏறிருச்சு. ரெண்டு தடவ ஏறிருச்சு. நானில்ல, சாந்தாமணி ஓட்டுனா." கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவையும் சொன்னார். அந்தப் பக்கம் கேட்கவில்லையா, அல்லது இவருக்கே சொல்லப் பிடித்திருந்ததா தெரியவில்லை.

நான் காருக்கு முன்னால் போய் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கையைக் காட்டினேன். கோத்தகிரிக் குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது.

எனக்கு அந்தக் காரின் மேல் ஆசை உண்டு. எழுதிவிட்டேன், போ.

மே 12

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அவர் வழக்கம்போல சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டிருந்தேன்.

"அந்த வெயிட்டுக்குப் பதிலா அந்தப் பித்தளை இம்பெல்லர வெச்சுக்கறேன்" என்றார்.

"வெச்சுக்கங்க. வர்றவங்களுக்குக் காட்ட ஆவும்" என்றேன்.

வாசல் வரைக்கும் போய் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சாவியைக் கேட்காமல், வீட்டு ஷெட்டுக்கு வந்து, செவலையின் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.